‘முன்னாடி ஒரு வேன் போச்சே!’ – மெக்கானிக் பதில்கள்

போன இதழில் ‘ரோட்டில் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்’ என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் இந்த முறை முழுப் பகுதியையும் எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றிலும் முதலில் கடிதம், அடியில் என் பதில். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. மனைவி கணவரைப் பற்றியும், மகள் அப்பாவைப் பற்றியும், டிரைவர் முதலாளியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டில் சண்டை மூட்டிய பாவம் எனக்கு வேண்டாம்.

இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எத்தனையோ தடவை தண்ணீரில் இறக்கி ஏற்றியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. முதல் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விடாமல் போனால் எந்த வண்டியும் கரையேறும். மெக்கானிக்குகள் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துவீர்கள்!

பயமுறுத்தினால் எனக்குத்தான் நஷ்டம் சார். நீங்கள் தண்ணீரில் இறக்கினால்தான் என் பட்டறைக்கு வேலை.

முதல் கியர், ஆக்ஸிலேட்டர் என்பதெல்லாம் சைலன்சரில் தண்ணீர் ஏறாமல் இருப்பதற்கான வித்தை. எஞ்சின் ஓடும்வரை புகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த வழியாகத் தண்ணீர் சுலபத்தில் வராது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் எஞ்சினைக் கொல்லும் தண்ணீர் பின்பக்கமாக வருவதில்லை. முன்பக்கம் மூக்கு வழியாக வருகிறது. பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து புறப்படும் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். நிறைய கார்களில் அதன் வாய் ஹெட்லைட் பக்கத்தில், கிரில்லுக்குப் பின்னால் போய் முடியும். நீங்கள் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது வண்டிக்கு முன்னால் ஓர் அலை எழும்புகிறதே, அது நேராக அந்த வாய்க்குத்தான் வரும். எதிரில் ஒரு லாரி வந்தால் சொல்லவே வேண்டாம்.

உள்ளே எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து? ஒரு கணக்கு போடுவோம். 1200 சிசி, நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே மிச்சம் இருக்கும் இடம் 33 சிசி. ஏழு டீஸ்பூன் கொள்ளாத இடம். டீசல் இன்னும் அதிகமாக அமுக்கும், அதே அளவு சிலிண்டரில் மிச்சம் நாலு டீஸ்பூன்தான். காற்று அமுங்கிக்கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. ஏறி வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் முட்டி நிற்கும், கீழே எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டையும் இணைத்து நடுவில் மாட்டிய கனெக்டிங் ராடு வளையும். வெளியே ஒரே ஒரு ‘டக்’ கேட்கும். அவ்வளவுதான். நாங்கள் ‘எஞ்சின் லாக் ஆயிடுச்சு’ என்போம்.

இருபது வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றீர்கள். ஏழு டீஸ்பூன் உள்ளே போகவில்லை என்பதைத் தவிர அதில் வேறு சேதி எதுவும் இல்லை. அத்தனை தடவையும் தண்ணீர் உங்களுக்குத் தைரியத்தைக் கொடுத்திருக்கிறதே ஒழிய அனுபவத்தைக் கொடுக்கவில்லை. இதை நான் திமிராகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படி ஒரு தைரியம் இருந்தது. கீழே வருகிறேன்.

எங்கள் வீட்டில் பெரிய எஸ்.யூ.வி. வாங்கியிருக்கிறோம். ‘இதற்கெல்லாம்தான் இந்த வண்டியே’ என்கிறான் மகன். எடை அதிகமான வண்டியைத் தண்ணீர் தூக்குமா ஐயா?

தூக்கும் அம்மா. வண்டியின் எடையைப் பார்க்கிறோம், அது ஒரு பெட்டி என்பதை மறந்துவிடுகிறோம். இரும்புக் கப்பல் மிதப்பதும் அதனால்தான்.

ஒரு சாதாரண காரின் அடிப்பரப்பு, குறைத்தே வைத்தாலும், ஆறு சதுர மீட்டர் வரும். வண்டியின் அடித்தளத்தைத் தொட்ட பிறகு தண்ணீர் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஏறும்போதும் 600 கிலோ எடையைக் கீழிருந்து தாங்கிக்கொள்கிறது. ஆட்களோடு சேர்த்து வண்டி 1,400 கிலோ என்றால், அடித்தளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கணக்கு முடிந்துவிட்டது. கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே கசியக் கசிய வண்டி கொஞ்சம் கனக்கும், உண்மைதான். ஆனால் புது வண்டிகளின் ரப்பர் பட்டை நன்றாகப் பிடிக்கிறது. தூசி வராமல் இருக்க வைத்தது, மிதப்பதற்கும் வசதியாகப் போய்விடுகிறது. அதுவும் முழுதாக மிதக்க வேண்டியதில்லை. பாதி எடை போனாலே டயருக்கு ரோட்டில் பிடி இருக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது.

இதை ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வுக்கூடத்தில் நிஜ வண்டிகளை வைத்தே 2016இல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடையுள்ள டொயோட்டா யாரிஸை, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடிய வெறும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நகர்த்திவிட்டது. 60 சென்டிமீட்டரில் அது முழுக்க மிதந்தது. உங்கள் மகனுக்கு வேண்டிய கணக்கு அடுத்தது: 2.5 டன் நிஸான் பேட்ரோல். அதே வேகத்தில் 45 சென்டிமீட்டர் தண்ணீரிலேயே அது நிலை தடுமாறியது, 95 சென்டிமீட்டரில் மிதந்தது. விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால் என்ன வேகம் தெரியுமா? கடை வீதியில் பேசிக்கொண்டே நடக்கும் வேகம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்காகும்.

பெரிய வண்டி கொடுக்கும் லாபம் ஒன்றரை சாண் உயரம். அந்த ஒன்றரை சாணை நம்பி மகன் இன்னும் ஆழமான இடத்துக்குப் போவான் என்பதுதான் என் கவலை.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள். ஆழம் தெரிந்த இடம் என்றால் போகலாம் அல்லவா? தினமும் போகும் ரோடுதானே?

அந்தப் பழமொழியில் எனக்கு ஒரு சின்ன மனஸ்தாபம் உண்டு. ஆழம் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைக்க வைக்கிறது.

தினமும் போகும் ரோடு என்பது நேற்றுவரை இருந்த ரோடு. ஓடும் தண்ணீர் தாருக்குக் கீழே இருக்கும் மண்ணை முதலில் அரித்து எடுக்கும். மேலே தார் பாய் விரித்ததுபோல் அப்படியே இருக்கும். அல்லது பாதி ரோடே இருக்காது. மேலே கலங்கல் தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் தெரியும், அடியில் ஓர் ஆள் பள்ளம் இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. மூடி இல்லாத சாக்கடைக் குழி, அடித்துவந்த மரக்கட்டை, அறுந்து விழுந்த மின்கம்பி எல்லாமே அதற்குள்தான். ராத்திரியில் இன்னும் மோசம். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஈரமான தார் ரோடும் தண்ணீரும் ஒரே மாதிரி மின்னும். தண்ணீர் என்று தெரியும்போது வண்டி அதற்குள் இருக்கும்.

‘இறங்கி நடந்து ஆழம் பார்த்துவிட்டுப் போவேன்’ என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நிற்கிற ஆளைச் சாய்த்துவிடும்.

நீங்கள் எப்போதாவது தண்ணீரில் மாட்டியிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே.

எனக்கு அப்போது 26 வயது. சொந்தமாகப் பட்டறை போட்டு ஒரு வருஷம். மருத்துவமனையில் இருந்த உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் மச்சான், பின்னால் அம்மா. வழியில் ஒரு தரைப்பாலம். அதன் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதிகமில்லை, பாலத்து ஓரக் கல்லின் தலை வெளியே தெரிந்தது. வண்டியை நிறுத்தி யோசித்தேன். நிறுத்தினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு புத்தி இருந்தது.

அப்போது எங்களைத் தாண்டி ஒரு வேன் போனது. நிற்கவே இல்லை. அக்கரையில் அதன் சிவப்பு விளக்கு ஏறிப் போனதைப் பார்த்தேன்.

“வேண்டாம்டா, திருப்புடா” என்றார் அம்மா.

“சும்மா இருங்கம்மா. முன்னாடி ஒரு வேன் போச்சே!”

பாதிப் பாலத்தில் வண்டி ஆஃப் ஆனது. மிதியடி நனைந்து கால் சில்லிட்டது. அப்போதாவது கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். மெக்கானிக் ஆயிற்றே! செல்ஃப் போட்டேன். ‘டக்’. மேலே எழுதினேனே, அதே சத்தம். இன்னொரு தடவை போட்டேன். ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பி இடப்பக்கம் நகர்ந்தது. இழுத்துக்கொண்டு போவதுபோல் இல்லை, யாரோ தோளைத் தொட்டு ஒதுக்குவதுபோல் மென்மையாக இருந்தது. எனக்கு இன்னும் மறக்காதது அந்த மென்மைதான். ஓரக் கல்லில் போய் மோதி நின்றது. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. மச்சான் பக்கம் கண்ணாடியை இறக்க வேண்டும். கையால் சுற்றும் கண்ணாடி. அந்தக் கைப்பிடி உடைந்து மூன்று மாசமாக வெறும் பல்சக்கர முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் வண்டி பார்க்கிறவன் வண்டியில் கைப்பிடி கிடையாது! மச்சான் அந்த முனையை விரலாலேயே பிடித்துத் திருகினார். இரண்டு விரலில் தோல் உரிந்து தொங்கியது. கண்ணாடி முழுக்க இறங்கியதும் முதலில் அம்மாவைக் கூரை மேல் ஏற்றினோம். பிறகு நாங்கள். விடியும்வரை மூன்று பேரும் கூரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு டிராக்டர்காரர் கயிறு போட்டு இழுத்தார்.

அந்த ராத்திரி அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வேன் எப்படிப் போனது என்று பிறகு யோசித்தேன். உயரம் ஒரு காரணம். இன்னொன்று, அது போனபோது இருந்த தண்ணீர் வேறு, நாங்கள் போனபோது இருந்த தண்ணீர் வேறு. நாலு நிமிஷ வித்தியாசம். முன்னால் போகிறவர் உங்களுக்குச் சாட்சி இல்லை. அவர் கரை ஏறியதைத்தான் பார்க்கிறீர்கள். ஏறாதவரின் சிவப்பு விளக்கு கண்ணில் படாது.

என் கணவர் நல்ல மனிதர். மழையில் மட்டும் வேறு ஆளாகிவிடுகிறார். ‘நீ பேசாமல் இரு, பயப்படாதே’ என்பார். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். நான் என்ன சொன்னால் கேட்பார்?

தங்கச்சி, தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்க மாட்டார். என் அம்மா சொன்னதை நான் கேட்டேனா? அந்த இடத்தில் பேச்சு தண்ணீரைப் பற்றி இருப்பதில்லை, ‘உனக்கு ஓட்டத் தெரியாது’ என்று காதில் விழுகிறது. வீடு பத்து நிமிஷத்தில் இருக்கும். சுற்றுவழி ஒரு மணி நேரம் இருக்கும். பின்னால் ஒருவன் ஹாரன் அடிப்பான். இத்தனையும் சேர்ந்து காலை ஆக்ஸிலேட்டருக்குத் தள்ளும்.

வெயில் அடிக்கிற ஒரு நாள், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, ஓர் ஒப்பந்தம் பேசிக்கொள்ளுங்கள்: ரோட்டின் மேல் தண்ணீர் ஓடினால், வண்டியில் யாராவது ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலே திருப்பிவிடுவது, விவாதம் கிடையாது. சின்னக் குழந்தை சொன்னாலும் செல்லும். எங்கள் வீட்டில் இது முப்பது வருஷமாக நடப்பில் இருக்கிறது. என் பேத்தி ஒரு தடவை சும்மாவே ‘வேண்டாம்’ சொல்லிவிட்டாள், குட்டைத் தண்ணீருக்கு. திருப்பினேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

அதையும் மீறிப் போவார் என்றால், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து குழந்தைகளோடு இறங்கிவிடுங்கள். கோபமாக வேண்டாம். ‘நாங்கள் இங்கே மேட்டில் நிற்கிறோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். தனியாக அந்தப் பக்கம் போய் அவருக்கு என்ன வேலை?

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பயணி ‘போங்க, போங்க, அந்த வண்டி போகுதே’ என்று நெருக்குகிறார். மறுத்தால் முதலாளியிடம் புகார் போகிறது.

‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள், அது எடுபடாது. “சார், திருப்பினால் முக்கால் மணி நேரம் தாமதம். உள்ளே நின்றுவிட்டால் உங்களை இடுப்பளவு தண்ணீரில் நான் இறக்கிவிட முடியாது” என்று சொல்லிப் பாருங்கள். அவசரக்காரருக்கு நேரக் கணக்குதான் புரியும். முதலாளிக்கு எஞ்சின் கணக்கு புரியும். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால், இன்ஷூரன்ஸ் அதைக் கொடுக்காமலும் போகலாம். பாலிசியில் எஞ்சின் சேதத்துக்குத் தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று இன்றைக்கே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு: ஓரமாக ஒதுங்கி, கண்ணாடியை இறக்கி, ‘உள்ளே ஆழம், நான் திரும்புகிறேன்’ என்று கையைக் காட்டுங்கள். முதல் வண்டி திரும்பினால் பின்னால் நிற்கிற நாலு வண்டியும் திரும்பும். எல்லோருக்கும் உள்ளூர அதே பயம்தான், முதலில் திரும்புகிறவன் யார் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அபராதம் போட்டால் இது நிற்குமா?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளத்துக்காகத் தடுப்பு வைத்து மூடிய ரோட்டில், தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் மாட்டுகிறவரிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்கலாம், 2,000 டாலர் வரை. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’. பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறவன் தான் மாட்டுவோம் என்றே நினைப்பதில்லை, அபராதத்தை எங்கே நினைப்பான்? அதே நாட்டு வானிலைத் துறை ‘திரும்பிப் போ, மூழ்காதே’ என்று பலகை வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்காரர்கள் ‘வெள்ளமா? மறந்துவிடு’ என்கிறார்கள். பலகையால் ஒரு நல்லது உண்டு. திரும்புகிறவனுக்குக் கௌரவமாக ஒரு காரணம் கிடைக்கிறது. ‘எனக்குப் பயமில்லை, போர்டு போட்டிருக்கான்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

தடுப்பை நகர்த்திவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நகர்த்திய தடுப்பை இருட்டில் அடுத்து வருகிறவன் பார்க்க மாட்டான்.

எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒவ்வொரு கார் போகும்போதும் அலை வாசல்படி தாண்டி உள்ளே வருகிறது. கட்டில் கால் வரை நனைந்துவிட்டது.

இதை அப்படியே போடுகிறேன் அம்மா. ஓட்டுகிறவர்கள் படிக்கட்டும்.

மின்சாரக் காருக்கு ஏர் ஃபில்டர் கிடையாது, சைலன்சர் கிடையாது. லாக் ஆக எஞ்சினே இல்லை. அப்போது போகலாம்தானே?

கெட்டிக்காரக் கேள்வி. ராடு வளையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் பெட்டிதான், அதுவும் மிதக்கும். மிதக்கிற வண்டிக்கு மோட்டார் ஓடினால் என்ன, நின்றால் என்ன? பேட்டரியை நீர் புகாமல் மூடியிருப்பார்கள். ‘ஐ.பி. 67’ என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது என்று அர்த்தம். சோதனைத் தொட்டியில் கல்லும் கட்டையும் வந்து அடியில் இடிக்காது. முழுகி எடுத்த மின்சார வண்டியை வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள், முக்கியமாகக் கடல்நீர் புகுந்திருந்தால். 2022இல் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் உப்புநீரில் முழுகிய சில மின்சார வண்டிகள் பிறகு தீப்பிடித்தன.

டூ வீலரில் போகலாமா? உருட்டிக்கொண்டாவது?

வேண்டாம். உருட்டிக்கொண்டும் வேண்டாம். தண்ணீர் வண்டியை இழுத்தால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். கூடவே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மீறி மாட்டிக்கொண்டால்? ஜன்னலை உடைக்க ஹெட்ரெஸ்ட் போதும் என்று வீடியோவில் பார்த்தேன்.

ஹெட்ரெஸ்ட்டை அதற்காகச் செய்யவில்லை. பதற்றத்தில், தண்ணீருக்குள், குனிந்துகொண்டு அதைக் கழற்றிப் பாருங்கள், தெரியும். உடைக்கும் நிலைமை வருவதற்கு முன்பே கண்ணாடியை இறக்குவதுதான் விஷயம்.

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், உள்ளே ஆட்களை வைத்தே வண்டிகளைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தவர். வண்டி உடனே மூழ்காது, அரை நிமிஷத்திலிருந்து இரண்டு நிமிஷம்வரை மிதக்கும், வெளியே வரவேண்டிய நேரம் அதுதான் என்கிறார். பெல்ட், கண்ணாடி, வெளியே. அதே வரிசை. முதல் நிமிஷத்தில் போன் எடுக்காதீர்கள். பவர் விண்டோ தண்ணீர் பட்டதும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். ஆனால் தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு வந்துவிட்டால் அழுத்தத்தில் இறங்காது. பெரிய குழந்தையின் பெல்ட்டை முதலில் கழற்றுங்கள், அது சின்னதுக்கு உதவும். குழந்தைகளை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள்.

கதவோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு மீட்டர் அகலக் கதவில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வெளியிலிருந்து சுமார் 125 கிலோ அழுத்துகிறது. அன்றைக்கு என் கதவு ஏன் அசையவில்லை என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

வண்டி எதிலாவது தட்டி அசையாமல் நின்று, சுற்றிலும் வேகமாகத் தண்ணீர் ஓடினால் இறங்கி நடக்காதீர்கள். உள்ளே ஏற ஏறக் கூரைக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்குகிறவர்கள் முதலில் உங்கள் ஜன்னல் மூலையில் பொறித்த சின்ன எழுத்தைப் படியுங்கள். டெம்பர்டு (சூடாக்கி இறுக்கிய கண்ணாடி) என்றால் உடையும். லேமினேட்டட் (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) என்றால் உடையாது. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நாலு கருவிகள் உடைத்தன, லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை.

நிறுத்தி வைத்த இடத்திலேயே கார் முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்துவிட்டது. ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். கதவிலும் சீட்டிலும் சேற்றுக்கோடு எதுவரை இருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள், இன்ஷூரன்ஸுக்கு ஆகும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் பட்டறைக்கு அனுப்புங்கள். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று தெரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதைப் பார்க்கும்போது உங்களுக்கே தோன்றும், நல்லவேளை சாவியைத் தொடவில்லை என்று.

மேலே எஸ்.யூ.வி. பற்றி எழுதிய நானேதான் இரண்டாவது கடிதமும் போடுகிறேன் ஐயா. உங்கள் பட்டறைக்கு ஒரு தடவை வந்திருக்கிறேன். மேஜையில் பில் மேல் ஒரு வளைந்த இரும்பு இருந்ததே, அது என்ன? படம் எடுத்து அனுப்ப முடியுமா? மகனிடம் காட்ட வேண்டும்.

அதுதான் அந்த ராத்திரி வண்டியின் மூன்றாவது சிலிண்டர் கனெக்டிங் ராடு. பார்த்தால் ரொம்ப வளைந்திருக்காது, நேரான ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். படத்தில் தெரியாது அம்மா. ஆளைவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மகன் கையில் கொடுத்து, ‘இதை நிமிர்த்திக் காட்டு’ என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஃபேன் போட்டால் பில் எல்லாம் பறக்கிறது.